குடத்துக்கு முன்னும் பின்னும்

2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் உத்திரமேரூரின் பெயரைச் சொன்னார். மேடைகளுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. பள்ளிப் பாடநூல் முதல் அரசு விழா வரை, உத்திரமேரூர் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது ஒரு குடமும் அதற்குள் போட்ட ஓலைகளும்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர்களில் தேர்தல் நடந்தது என்ற பெருமிதத்துக்கு அந்தக் குடம் சாட்சியாகிவிட்டது. கல்வெட்டை முழுக்கப் படிப்பவருக்கு இதில் ஒரு நெருடல் தோன்றாமல் இருக்காது. குடவோலையில் வாக்கே இல்லை. யாரும் யாரையும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. விவரம் தெரியாத ஒரு சிறுவன் கைவிட்டு ஓர் ஓலையை எடுக்கிறான். அதில் எவர் பெயர் இருக்கிறதோ அவர் அந்த ஆண்டு வாரியத்தில் உட்காருகிறார். குலுக்கலில் வந்தவரை நம்பி ஏரியையும் பொன்னையும் ஒப்படைக்க ஓர் ஊர் துணிந்தது என்றால், அந்தத் துணிச்சல் குடத்திலிருந்து வந்திருக்க முடியாது. ஓலை குடத்துக்குள் போகும் முன்னே என்ன நடந்தது, ஆண்டு முடிந்த பின்னே என்ன நடந்தது என்பதில்தான் அதற்கான விடை இருக்கிறது. ஒரு குழுவின் உறுப்பினருக்கு முதற்கடமை கணக்குக் காட்டுவது. மற்றத் தகுதிகளெல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. உத்திரமேரூர் சபை தன் விதிகளை இந்த எண்ணத்தின் மேல் கட்டியது. இன்றைய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: யாரை உட்கார வைப்பது என்பதில் செலவிடும் அக்கறையில் கால்பங்கைக்கூட, உட்கார்ந்தவர் எதற்கு யாரிடம் பதில் சொல்வார் என்பதில் அவை செலவிடுவதில்லை.

கல்வெட்டுகள் இரண்டு. இரண்டும் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை, ஒன்று அவனுடைய 12-ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 919), மற்றது 14-ஆம் ஆண்டில் (921) வெட்டப்பட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் இவற்றைக் கல்வெட்டறிஞர் வெங்கையா தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் பதிப்பித்தார், பின்னர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி சோழர் ஆட்சிமுறை பற்றிய தம் நூல்களில் விரிவாக ஆராய்ந்தார். ஊரின் அன்றைய பெயர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். பல்லவர் காலத்துப் பிரமதேயம், அதாவது அந்தணருக்குக் கொடையாக விடப்பட்ட ஊர். 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புக்குக் குடும்பு தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, மேலே குடும்பின் பெயரெழுதிய வாயோலை வைத்துக் குடத்தில் இடுவார்கள். சிறியவர் பெரியவர் உட்பட மகாசபை கூடியிருக்கும். ஊரில் உள்ள நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், ஒருவர் விடாமல் மண்டபத்தில் இருக்க வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் எல்லாரும் பார்க்கும்படி குடத்தை உயர்த்திக் காட்டுவார். சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் கொட்டிக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். அவன் வாசித்த பிறகு நம்பிமார் அனைவரும் அதையே வாசிக்க வேண்டும். கைமறைவில் ஓலை மாறும் வித்தையை அறிந்தவர்கள் வகுத்த விதி இது என்பதில் ஐயமில்லை.

இந்த வாரியங்கள் அலங்காரப் பதவிகளாக இருந்திருந்தால் இவ்வளவு எச்சரிக்கை தேவைப்பட்டிருக்காது. குடும்புக்கு ஒருவராகக் குலுக்கலில் வந்த முப்பது பேரில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போனார்கள். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் ஆறு ஆறு பேர் தனியாக எடுக்கப்பட்டார்கள். பஞ்சவார வாரியத்தின் வேலை எது என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. மற்றவை பெயரிலேயே விளங்கும். இவற்றில் ஏரி வாரியத்தின் பொறுப்பைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. தொண்டை மண்டலத்தின் இந்தப் பகுதியில் வற்றாத ஆற்றுப் பாசனம் கிடையாது. ஊரின் நெல் முழுக்க வைரமேக தடாகம் என்ற பெரிய ஏரியை நம்பியிருந்தது. அந்த ஏரியில் ஆண்டுதோறும் வண்டல் எடுக்கப் பல்லவர் காலத்திலிருந்தே கொடையாளர்கள் சபையிடம் பொன்னை முதலாக வைத்தார்கள். முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டு வேலையைச் செய்வது வாரியத்தின் கடமை. கொடுத்தவர் இறந்துவிடுவார், பொன் இருக்கும், வாரியத்தார் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார்கள். பிறர் பணத்தை, கேள்வி கேட்க அவர் இல்லாத காலத்திலும் நேர்மையாக நிர்வகிப்பது என்ற இந்தச் சிக்கல், அறக்கட்டளை, கூட்டுறவுச் சங்கம், பங்கு நிறுவனம் எல்லாவற்றுக்கும் பொது. பங்குதாரர் சாகவில்லைதான், ஆனால் ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறார், நிறுவனத்தின் உள்ளே அவருக்குக் கண் கிடையாது.

921-ஆம் ஆண்டின் விதிகள் தகுதியை இப்படி வரையறுக்கின்றன. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும்; சொந்த மனையில் வீடு கட்டி வாழ வேண்டும்; வயது 35-க்கு மேல் 70-க்குள்; மந்திர பிராமணம் கற்றிருக்க வேண்டும். ஒரு வேதத்தோடு ஒரு பாஷ்யமும் அறிந்தவருக்கு அரைக்கால் வேலி போதும். இவர்களிலும் காரியத்தில் நிபுணராய், நேர்வழியில் பொருள் ஈட்டியவராய், கடந்த மூன்றாண்டுகளில் எந்த வாரியத்திலும் இராதவராய் இருக்க வேண்டும். இதுவரை எந்தச் சங்கத்தின் துணைவிதியிலும் காணக்கூடியதே. தகுதியின்மைப் பட்டியல்தான் வியப்பூட்டுகிறது. அதில் முதலில் வருவது கொலையோ களவோ கள்ளோ அல்ல. எந்த வாரியத்திலாவது இருந்து கணக்குக் காட்டாமல் போனவர், அவருடைய உறவினர்: இதுதான் முதல் இனம். ஐம்பெரும் பாதகங்கள் அதற்குப் பிறகே வருகின்றன. தருமசாஸ்திரத்தில் ஊறிய ஓர் அந்தணர் சபை, பிரமஹத்திக்கு முன்னால் கணக்கு நிலுவையை வைக்கிறது என்பதை வரிசை தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை. உறவினர் என்பதையும் அவர்கள் பொத்தாம்பொதுவாக விடவில்லை. தாயின் சகோதரிகளின் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயுடன் பிறந்தவர், தந்தையுடன் பிறந்தவர், மனைவியின் சகோதரர், சகோதரியின் கணவர், சகோதரியின் மக்கள், மருமகன், தந்தை, மகன் என்று எண்ணி எண்ணி எழுதியிருக்கிறார்கள். ஒருவர் கணக்கை மறைத்துவிட்டு அடுத்த முறை மைத்துனரை உள்ளே அனுப்புவார், மைத்துனர் பழைய ஏட்டைக் கிளற மாட்டார் என்பதை ஊர் பார்த்திருக்க வேண்டும்.

கணக்கெழுதுபவருக்கும் தனி விதி உண்டு. பதவிக்காலம் முடிந்ததும் தாம் எழுதிய கணக்கைத் தாமே சபைப் பெருமக்கள் முன் காட்டி, தூயவர் என்று ஏற்கப்பட்ட பின்னரே அவர் மீண்டும் அந்த வேலைக்கு வரலாம். அவர் எழுதிய கணக்கை முடித்துவைக்க வேறொரு கணக்கரை அமர்த்தக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை எழுதியவருக்கு அலுவலகங்களின் இயல்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பொறுப்பு எப்போதும் கைமாற்றத்தில்தான் தொலைகிறது. புதிதாக வந்தவர் இது எனக்கு முன்னால் நடந்தது என்பார். போனவர் நான்தான் ஒப்படைத்துவிட்டேனே என்பார். இரண்டு வாயையும் ஒரே விதியில் அடைத்துவிட்டார்கள். வாரியத்தார் 360 நாள் இருந்து விலகுவார்கள். இடையில் குற்றம் தெரிந்தால் ஆண்டு முடியக் காத்திராமல் அப்போதே நீக்கப்படுவார்கள்.

இரண்டே ஆண்டில் ஏன் மறுபடி எழுதினார்கள்? 919-இல் வயது வரம்பு 30 முதல் 60 வரை. 921-இல் அது 35 முதல் 70 ஆனது. உறவு விதி மாறியதுதான் அதைவிட முக்கியம். முதல் கல்வெட்டு, அப்போதுதான் வாரியத்திலிருந்து விலகிய பெருமக்களுக்கு நெருங்கிய சொந்தமானவரை ஒதுக்கியது. நேர்மையாய் இருந்தவரின் தம்பியும் இதில் அடிபட்டிருப்பார். ஒரே ஊரில் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழும் சமூகத்தில் இந்த விதி ஏறக்குறைய எல்லாரையும் வெளியே தள்ளியிருக்கும். இரண்டாவது கல்வெட்டு அந்தத் தடையைக் கணக்குக் காட்டாதவரின் சொந்தங்களுக்கு என்று திருப்பியது. உறவே குற்றம் என்ற நிலையிலிருந்து, கணக்கு நிலுவையோடு சேர்ந்த உறவு ஆபத்து என்ற நிலைக்கு விதி நகர்ந்திருக்கிறது. தளர்ந்ததா இறுகியதா என்று கேட்டால், இலக்கில் கூர்மையடைந்தது என்றே நான் சொல்வேன். இரு முறையும் அரசனின் அதிகாரி உடனிருந்தார்: முதலில் தத்தனூர் மூவேந்தவேளான், பிறகு சோமாசிப்பெருமான். ஊர்ச்சபை தன்னைத்தானே ஆண்டுகொண்டது என்று மட்டும் சொல்லி முடிப்பவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் விட்டுவிடுகிறார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்திருக்க, உள்ளே விதி திருத்தப்பட்டது. தகராறு இல்லாத ஊருக்கு அரசன் ஆள் அனுப்பியிருக்க மாட்டான்.

குலுக்கலும் கணக்கும் இப்படிக் கைகோத்து வருவது தற்செயலா என்று பார்க்க இன்னொரு நாட்டுக்குப் போகலாம். கி.மு. 5, 4-ஆம் நூற்றாண்டுகளின் ஏதென்ஸ் நகரம் தன் பெரும்பாலான அலுவலர்களைச் சீட்டுக் குலுக்கித்தான் அமர்த்தியது, பதவிக்காலம் ஓராண்டு. அங்கும் முன்னால் ஒரு சல்லடை இருந்தது: குடியுரிமை, பெற்றோரைப் பேணுதல், வரி, போர்ச்சேவை பற்றிக் கேள்வி கேட்டுத்தான் பதவியேற்க விட்டார்கள். பின்னாலும் ஒரு வாசல் இருந்தது: ஆண்டு முடிந்ததும் கணக்காய்வாளர் முன் ஏடுகளை வைக்க வேண்டும், பிறகு குடிமக்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து குற்றம் சாட்டலாம். அது முடியும்வரை அந்த அலுவலர் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது, தம் சொத்தைக் கோயிலுக்கு எழுதிவைக்கவும் கூடாது. ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்கள், நடுவில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. நியமிப்பவரின் தீர்ப்பை எடுத்துவிட்டால் அந்தச் சுமை முழுவதும் முன்சோதனை மேலும் பின்கணக்கு மேலும் விழும் என்பதை இரண்டும் உணர்ந்திருக்கின்றன. நியமிப்பவரின் தீர்ப்பை நம்புகிற அமைப்புகளில் இதற்கு எதிரானது நடக்கிறது. பெரிய பெயரைக் கொண்டுவந்தாயிற்று, இனி எதற்குச் சந்தேகம் என்ற சோம்பல் பின்வாசலைத் திறந்துபோட்டுவிடுகிறது.

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபம் எழும், எழ வேண்டும். கால் வேலி நிலமும் வேதக் கல்வியும் கேட்ட சபையில் பெண்ணுக்கு இடமில்லை, உழுதவருக்கு இடமில்லை, பிற சாதியாருக்கு இடமில்லை. இதை எதற்கு முன்மாதிரியாகக் காட்டுவது? ஜனநாயகத்துக்கு முன்மாதிரியாகக் காட்டினால் அது பிழைதான். அந்தப் பிழையைத்தான் மேடைப் பேச்சுகள் செய்துவருகின்றன. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வந்த கிராம சபையில் ஊரின் வாக்காளர் அனைவருக்கும் இடமுண்டு. அதற்கும் இதற்கும் நேரடி வம்சாவளி கிடையாது. ஆனால் உத்திரமேரூர் சபையை நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் ஒரு கம்பெனிக்குப் பக்கத்தில் வைத்தால் படம் தெளிகிறது. நிலப்பங்கு உடையவர்கள் கூடி, தங்கள் பொதுச்சொத்தை நடத்தச் சிலரை அமர்த்தி, அவர்கள் கைநீட்டாமல் இருக்க விதி எழுதிக்கொண்டார்கள். பங்குடைமையே உரிமையின் அடிப்படை. வெளியே நிற்பவருக்குக் குரல் இல்லை. இன்றைய பங்கு நிறுவனமும் அப்படித்தான், ஆலைத் தொழிலாளிக்கு அதன் பொதுக்கூட்டத்தில் வாக்கில்லை. எனவே அநீதியை மறைக்காமலேயே, ஒரு பங்குடையோர் குழு தன் நிர்வாகிகளை எப்படிக் கட்டிவைத்தது என்று நாம் கற்கலாம்.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் இருக்கிறது. அதன் இயக்குநர் குழுவில் ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் ஒருவர், மத்திய அரசின் முன்னாள் அமைச்சரவைச் செயலாளர், இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் முதல்வர், ஐ.ஐ.டி. ஒன்றின் முன்னாள் இயக்குநர், பென்டியம் சில்லு உருவாக்கத்தால் புகழ்பெற்ற பொறியாளர் எல்லாரும் இருந்தார்கள். சல்லடையில் சலித்து எடுத்த மனிதர்கள். விதிப்படி தணிக்கைக் குழுவும் இருந்தது. நல்லாட்சிக்கான விருது ஒன்றும் 2008-இல் கிடைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 16 அன்று, தலைவர் ராமலிங்க ராஜுவின் மகன்கள் நடத்திவந்த மைடாஸ் நிறுவனங்கள் இரண்டை மொத்தம் 160 கோடி டாலருக்கு வாங்கும் தீர்மானம் குழுவின் முன் வந்தது. தொடர்பில்லாத தொழிலுக்குள் போவது பற்றியும் மதிப்பீடு பற்றியும் சில கேள்விகள் எழுந்தன. பிறகு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முதலீட்டாளர்கள் கொதித்ததால் சில மணி நேரத்தில் அது கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று ராஜு எழுதிய ஒப்புதல் கடிதம், ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாத பணம் என்றது. மைடாஸை வாங்க முயன்றதே அந்தப் பள்ளத்தை மூடத்தான்.

இந்த மோசடியில் சுயாதீன இயக்குநர்கள் கூட்டாளிகள் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சிக்கல் வேறு. வங்கியில் பணம் இருக்கிறதா என்று வங்கியைக் கேட்கும் வேலை தணிக்கையாளருடையது என்று இயக்குநர்கள் நம்பினார்கள். தணிக்கையாளர், நிர்வாகம் கொடுத்த வைப்புச் சான்றுகளோடு நின்றுகொண்டார். நிர்வாகம் போலிச் சான்றுகளைச் செய்தது. ஒவ்வொருவரும் அடுத்தவரின் கையெழுத்தின் மேல் தம் கையெழுத்தைப் போட்டார்கள். கணக்கெழுதியவரே வந்து, தாம் எழுதியதைத் தாமே விளக்க வேண்டும், இன்னொருவர் முடித்துவைக்கக் கூடாது என்ற பத்தாம் நூற்றாண்டு விதி எந்த ஓட்டையை அடைக்க வந்ததோ அதே ஓட்டைதான். சத்யம் ஒவ்வொரு காலாண்டும் குறித்த நாளில் கணக்கை வெளியிட்டது என்பதையும் மறக்கக் கூடாது. கணக்கைத் தாக்கல் செய்வது ஒன்று; கேட்கும் உரிமையும் துணிவும் உள்ளவர் முன் நின்று அதற்குப் பதில் சொல்வது இன்னொன்று. இன்றைய சட்டங்கள் முதலாவதில் தேர்ந்தவை.

அதற்குச் சான்று 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்திலேயே கிடைக்கிறது. சத்யத்தின் அதிர்ச்சிக்குப் பின் வந்த சட்டம் இது. சுயாதீன இயக்குநர் ஒருவர் தொடர்ச்சியாக இரண்டு தவணைகளுக்கு மேல் இருக்க முடியாது, பிறகு மூன்றாண்டு விலகியிருக்க வேண்டும் என்கிறது. ஒரு தவணை என்பது ஐந்தாண்டு வரை நீளலாம். உத்திரமேரூரும் மூன்றாண்டு இடைவெளி கேட்டது. ஆனால் 360 நாளுக்குப் பிறகு. அதே சட்டத்தின் 164-ஆம் பிரிவு, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நிதியறிக்கையோ ஆண்டு விவர அறிக்கையோ தாக்கல் செய்யாத நிறுவனத்தின் இயக்குநர் ஐந்தாண்டுகளுக்கு எந்த நிறுவனத்திலும் புதிதாக நியமிக்கப்பட முடியாது என்கிறது. கணக்குக் காட்டாதவருக்குக் குடத்தில் ஓலை இல்லை என்ற விதியின் இக்கால வடிவம். 2017-இல் மத்திய அரசு இந்தப் பிரிவின்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தகுதியிழந்தவர்களாக அறிவித்தது. மாட்டியவர்களில் பெரும்பாலோர் சிறு நிறுவனங்களையும் செயலற்ற நிறுவனங்களையும் சேர்ந்தவர்கள். சத்யம் போல நாள் தவறாமல் பொய்க்கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனத்தை இந்த வலை பிடிக்காது. 2018-இல் சென்னை உயர்நீதிமன்றம், விதியை முன்தேதியிட்டுப் பயன்படுத்தியதும் பாதிக்கப்படுபவரைக் கேட்காமல் முடிவெடுத்ததும் செல்லாது என்று சொல்லி, தன் முன் வந்தவர்களின் தகுதியிழப்பை ரத்து செய்தது. பெயர்ப்பட்டியலை வெளியிட்டு ஒரே நாளில் லட்சக்கணக்கானவரை விலக்குவது கணக்குக் கேட்பதாகாது. கணக்குக் கேட்பதில் எதிரே இருப்பவர் வாய்திறக்க இடம் வேண்டும்.

உறவினரைத் தண்டிப்பது எந்த வகை நீதி என்ற கேள்வியையும் இங்கேயே பார்த்துவிடலாம். சோழர் காலத்தில் சொந்தபந்தத்தையே ஓர் அலகாகக் கருதும் போக்கு இருந்தது உண்மை. உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனின் கொலைக்காக ரவிதாசன் முதலானோரோடு அவர்களது உறவினரின் நிலங்களும் பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. அதைக் கொடுமை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. உத்திரமேரூர் விதி அந்த வகையைச் சேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அது உறவினரின் சொத்தைப் பறிக்கவில்லை. நிலுவைக் கணக்கு இருக்கும் இடத்தில் அவரைக் காவலுக்கு வைக்க மறுத்தது. தொடர்புடைய தரப்பினரோடு செய்யும் பரிவர்த்தனை பற்றிய இன்றைய விதிகளும் இதே தர்க்கத்தில் நிற்பவை. மகனின் நிறுவனத்தைத் தந்தையின் நிறுவனம் வாங்கும்போது தந்தை வாக்களிக்காமல் விலகியிருந்தால் மட்டும் போதுமா, தந்தையால் அழைத்துவரப்பட்டவர்கள் வாக்களிக்கலாமா என்ற கேள்விக்குச் சட்டம் இன்னும் தயங்கித்தான் பதில் சொல்கிறது.

நவீன நிறுவனம் ஏரி அல்ல, அதற்கு நிபுணர் வேண்டும், ஆண்டுக்கொருமுறை ஆளை மாற்றினால் யாருக்கும் எதுவும் புரியாது என்பார்கள். நியாயமான வாதம். ஆனால் உத்திரமேரூர் அனுபவத்தை உதறவில்லை. முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், வயதிலும் கல்வியிலும் மூத்தவர்கள் ஆகியோரைத்தான் சம்வத்சர வாரியத்துக்கு அனுப்பியது. தொடர்ச்சி ஆளிடம் இல்லை, படிகளில் இருந்தது. மறுபக்கம், நிபுணத்துவத்துக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. தம் துறையில் பேர் பெற்றவர் தமக்குப் புரியாததைப் புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படுவார். என்ரான் நிறுவனத்தின் தணிக்கைக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ஸ்டான்ஃபோர்டு வணிகப் பள்ளியின் முன்னாள் முதல்வர், கணக்கியல் பேராசிரியர். அந்தக் குழு 1999-இல் நிதித் தலைமை அலுவலர் ஆண்ட்ரூ ஃபாஸ்டவ் தம் சொந்தக் கூட்டாண்மைகள் மூலம் நிறுவனத்தோடு வியாபாரம் செய்ய நடத்தை விதியிலிருந்து விலக்கு அளித்த இயக்குநர் குழுவின் ஒரு பகுதி. 2002-இல் அமெரிக்க செனட் துணைக்குழு, இயக்குநர்களுக்கு ஆபத்தின் அறிகுறிகள் தெரிந்தே இருந்தன என்று முடிவு சொன்னது. அறிவில் குறை இருக்கவில்லை.

விதி எழுதியிருப்பதால் நடந்துவிடுமா என்பது எஞ்சும் ஆட்சேபம். கல்லில் வெட்டியது கடைப்பிடிக்கப்பட்டது என்பதற்கு அந்தக் கல்லே சான்றாகாது. ஐ.எல்.&எஃப்.எஸ். நிறுவனத்தில் இடர் மேலாண்மைக் குழு ஏட்டில் இருந்தது. 2015-க்கும் 2018-க்கும் இடையில் ஒரே ஒருமுறை கூடியது. சுமார் 91,000 கோடி ரூபாய் கடனோடு நிறுவனம் சரிந்தபோதுதான் அந்தக் குழு இருந்ததே பலருக்குத் தெரியும். இந்த ஆட்சேபத்துக்கு முழு விடை என்னிடம் இல்லை. பாதி விடை, உத்திரமேரூர் மேற்கொண்ட வழியில் இருக்கிறது. அது விதியைக் கூட்டம் நடக்கும் மண்டபத்தின் சுவரிலேயே எழுதியது. ஊரே கூடும் இடத்தில் குலுக்கியது, பலரை வாசிக்கவைத்தது. கண்காணிப்பை ஒரு குழுவுக்குள் பூட்டிவைக்கவில்லை.

அதனால் அந்தக் காலத்துச் சபைகளில் எல்லாரும் துணிந்து பேசினார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. திருநெல்வேலிச் சீமையின் மானூரில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 800-இல் வெட்டிய கல்வெட்டு ஒன்று சபையில் பேசும் தகுதியை வரையறுக்கிறது. அதில் ஒரு விதி: எந்தக் காரியம் வந்தாலும் ‘அன்று அன்று’ என்று மறுப்பதையே வழக்கமாக வைத்திருப்பவர்களும் அவர்களுக்குத் துணை நிற்பவர்களும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். சும்மா முட்டுக்கட்டை போடுபவரைத்தான் குறிவைத்தார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் காரணத்தோடு மறுப்பவர் யார், வீம்புக்கு மறுப்பவர் யார் என்று தீர்மானிப்பது பெரும்பான்மைதானே. உத்திரமேரூரின் இரண்டு கல்வெட்டிலும் வாரியத்துக்குள் தனித்து நின்று மறுத்தவருக்கு என்ன பாதுகாப்பு என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. தவறு செய்பவரை எப்படித் தடுப்பது என்று அவ்வளவு நுணுக்கமாக யோசித்த சபை, தவறைச் சுட்டுபவரை எப்படிக் காப்பது என்று யோசிக்கவில்லை.

இந்த ஓர் இடத்தில் இன்றைய சட்டம் பழையதைவிட முன்னே நிற்கிறது, அதிகம் பேர் கவனிக்காத விதமாக. நிறுவனங்கள் சட்டத்தின் 118-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும், அதை மறுத்த அல்லது அதற்கு உடன்படாத இயக்குநரின் பெயர் கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும். நான்காம் அட்டவணை, தம் கவலை தீர்க்கப்படாவிட்டால் அதைக் குறிப்பில் ஏற்றும்படி வற்புறுத்துவதைச் சுயாதீன இயக்குநரின் கடமையாகவே வைக்கிறது. 149-ஆம் பிரிவின் 12-ஆம் உட்பிரிவு அவர் எதற்குப் பொறுப்பாவார் என்று சொல்லும்போது, குழுவின் நடவடிக்கைகள் வழியே அவருக்குத் தெரியவந்து, அவர் ஒப்புதலோடோ உடந்தையோடோ அல்லது அவர் உரிய கவனம் செலுத்தாததாலோ நடந்தவற்றுக்கு என்கிறது. ஆக, வழக்கு என்று வரும்போது நீதிமன்றம் கேட்கும் முதல் ஏடு கூட்டக் குறிப்புதான். ஹைதராபாத்தில் 2008 டிசம்பர் 16 அன்று கேள்வி கேட்டவர்கள் தம் மறுப்பை எழுதச் சொல்லியிருக்கலாம். அந்தக் குறிப்பில் இருப்பது ஒருமனதான ஒப்புதல்.